ஈறில் ரத்தம் வருகிறதா? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனுக்கு வந்து சேர்ந்த முதல் வருடத்தில் விசா, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். பல்லைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. என் கணவருக்கு ஈறு வீங்கி, கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் அலைந்தோம். கிளினிக்கில் கேட்டால் மெடிக்கல் எய்டை (மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவச் செலவுத் திட்டம்) கேளுங்கள் என்றார்கள். மெடிக்கல் எய்டுக்கு போன் போட்டால் டாக்டரிடம் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் எங்களிடம் ஒரே காகிதத்தைத்தான் எதிர்பார்த்தார்கள், ஆனால் அது எந்தக் காகிதம் என்று முதலிலேயே சொல்ல ஆளில்லை. அந்தக் காகிதம் ஈறின் அளவுக் குறிப்பு, அதாவது ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறு எவ்வளவு ஆழத்துக்கு விலகியிருக்கிறது என்று எழுதிய தாள். அதை எப்படி வாங்குவது, வாங்கி என்ன செய்வது என்பதைத்தான் இங்கே முக்கியமாக எழுதுகிறேன்.

1. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

ஈறு நோய் இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டத்தில் ஈறு மட்டும் வீங்கும், சிவக்கும், பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்புக்கு இன்னும் சேதமில்லை. இது முழுமையாகச் சரியாகக்கூடியது. இரண்டாவது கட்டத்தில் ஈறு பல்லை விட்டு விலகி நடுவில் பை மாதிரி இடைவெளி விழுகிறது. அதற்குள் கிருமிப் படலமும் காரையும் (பல்லில் கெட்டியாகிப் படிந்த அழுக்கு) இறங்கி, எலும்பு கரைய ஆரம்பிக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது. இங்கே வைத்தியம் என்பது மேலும் கரையாமல் நிறுத்துவதுதான்.

வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காமலே வளரும். ரத்தம், விடாத வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, முன்பு இல்லாத இடுக்கில் கீரை சிக்குவது, பல் ஆடுவது, இவைதான் அடையாளங்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் குறைவாகத்தான் வரும். அதனால் ரத்தமே இல்லையே என்று அவர்கள் நம்பிவிடக் கூடாது. சர்க்கரை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் சின்ன அறிகுறிக்கே போய்க் காட்டுவது நல்லது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் போன்ற மாத்திரை சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முகம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று இந்த நாட்டு அரசியலமைப்பின் 27ஆவது பிரிவே சொல்கிறது. நீங்கள் எந்த விசாவில் இருந்தாலும் சரி.

2. எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவற்றைப் போட்டு வையுங்கள்: பாஸ்போர்ட், விசா அல்லது பெர்மிட் பக்கத்தின் நகல், முகவரிக்கு ஆதாரம் (வாடகை ஒப்பந்தம் அல்லது தண்ணீர், மின்சார பில்), சமீபத்திய சம்பளச் சீட்டு, மெடிக்கல் எய்ட் அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். சர்க்கரை இருந்தால் கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ரிப்போர்ட்டும் கொண்டுபோக வேண்டும். இதய வால்வு மாற்றியவர்கள் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஈறைத் தொடுவதற்கு முன் அவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலாம்.

ஊரில் எடுத்த பல் எக்ஸ்ரே இருந்தால் கட்டாயம் எடுத்து வாருங்கள். போனில் இருக்கும் படமானாலும் பரவாயில்லை. எலும்பு எவ்வளவு நாளில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கப் பழைய படம்தான் உதவும்.

3. யாரிடம் போவது

இங்கே பல் சம்பந்தமாக நான்கு விதமான ஆட்கள் இருக்கிறார்கள். பொதுப் பல் டாக்டர், பல் அடைப்பது, பிடுங்குவது போன்ற அடிப்படை வேலைகளைச் செய்யும் டென்டல் தெரபிஸ்ட், ஓரல் ஹைஜீனிஸ்ட், அப்புறம் ஈறு நிபுணரான பெரியோடான்டிஸ்ட். சாதாரண ஸ்கேலிங்கை (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) முதல் மூவருமே செய்வார்கள். ஹைஜீனிஸ்ட் ஈறு சுத்தம் செய்வதையே தொழிலாகப் படித்தவர், அவசரப்படாமல் நேரம் எடுத்துச் செய்வார். என்னைக் கேட்டால் ஹைஜீனிஸ்ட் இருக்கும் கிளினிக்காகப் பார்த்துப் போங்கள். நிபுணரிடம் நேராகப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு வராது. பல பற்கள் ஆட்டம் கண்டிருந்தாலோ, சின்ன வயதிலேயே எலும்பு கரைந்திருந்தாலோ, முதல் வைத்தியத்துக்குப் பிறகும் ஆழம் குறையாவிட்டாலோ பொது டாக்டரே எழுதி அனுப்புவார்.

யாராக இருந்தாலும் ஹெச்பிசிஎஸ்ஏ என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். அதன் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், காசு கிடையாது.

இன்னொன்று. டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பெயர்ப் பலகையில் பிள்ளை, நாயுடு, கோவென்டர் என்றெல்லாம் பார்ப்பீர்கள். இங்கே பல தலைமுறையாக இருக்கும் நம் மக்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுவார்கள். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால், எங்கே ரத்தம் வருகிறது, எத்தனை மாதமாக, என்ன மாத்திரை என்பதை முன்கூட்டியே ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரைக் கூட்டிப்போனபோது அந்தச் சீட்டுதான் எங்களைக் காப்பாற்றியது.

4. அளவை எழுதி வாங்குங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில். டாக்டர் எண்ணைச் சொல்லச் சொல்ல உதவியாளர் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். என் கணவருக்குப் பார்த்தபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். மூன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருந்தது கீழ்க் கடைவாய்க்கு வந்ததும் ஐந்து, ஆறு, ஆறு, ரத்தம் என்று மாறியது. நோய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதே எனக்கும் புரிந்துவிட்டது.

ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை நல்ல ஈறு. நான்கும் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியது. ஆறு, ஏழு என்று வந்தால் பிரஷ் அங்கே எட்டவே எட்டாது. இதோடு எக்ஸ்ரேயும் வேண்டும், ஏனென்றால் எலும்பு எவ்வளவு மிச்சம் என்பதை எக்ஸ்ரேதான் காட்டும். 2018இலிருந்து உலகமெங்கும் டாக்டர்கள் எலும்பு வரை போன இந்த நோயை ஒன்றிலிருந்து நான்கு வரை நிலையாகவும், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு ஏ, பி, சி என்று தரமாகவும் பிரித்து எழுதுகிறார்கள். உங்களுக்கு எந்த நிலை, எந்தத் தரம் என்று கேளுங்கள்.

கம்பி வைத்துப் பார்க்காமல், வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துவிட்டு டீப் கிளீனிங் (ஈறுக்கு அடியில் வேர் வரை செய்யும் ஆழமான சுத்தம், ரூட் பிளானிங் என்பதும் இதுதான்) செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் அன்று பணம் கட்டாதீர்கள். அளவும் எக்ஸ்ரேயும் இல்லாமல் அந்த முடிவுக்கு வர முடியாது. பார்த்து முடித்ததும் அளவுக் குறிப்பு, எக்ஸ்ரே, சிகிச்சைத் திட்டம் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் மருத்துவப் பதிவின் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்க வேண்டாம்.

5. மெடிக்கல் எய்ட் இருந்தால்

முதலில் உங்கள் திட்டத்தில் பல் வைத்தியம் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனைச் செலவு மட்டும் தரும் திட்டங்களில் பல்லுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். சிலவற்றில் பல் செலவு, திட்டத்துக்குள்ளேயே உங்களுக்கென்று இருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும், அது தீர்ந்தால் கைக்காசு. இன்னொரு பக்கம், மாதம் சில நூறு ரேண்டுக்கு விற்கிற சுகாதாரக் காப்பீடு என்பது மெடிக்கல் எய்ட் அல்ல. அதற்கு விதிகளும் வேறு.

புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 1998ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, இதற்கு முன் இந்த நாட்டில் எந்தத் திட்டத்திலும் இல்லாதவருக்குப் பொதுவாக மூன்று மாதம் வரையும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரையும் காக்க வைக்கலாம். இந்தக் காலத்திலும் சந்தாவைக் கட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். கம்பெனி மூலம் சேரும்போது சிலர் இதைத் தளர்த்துவார்கள், ஹெச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஈறுக்கு வைத்தியம் பார்த்திருந்தால் படிவத்தில் உள்ளபடி எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் உறுப்பினர் பதவியையே ரத்து செய்ய முடியும்.

அடுத்தது முன் அனுமதி. சாதாரண ஸ்கேலிங்குக்கு அநேகமாகத் தேவைப்படாது. ஆனால் ஈறுக்கு அடியில் வேரைச் சுத்தம் செய்யும் ரூட் பிளானிங்குக்குப் பல திட்டங்கள் முன் அனுமதி கேட்கின்றன. அதற்குத்தான் நான்காவது படியில் வாங்கிய அளவுக் குறிப்பும் எக்ஸ்ரேயும். சில திட்டங்களில் ஈறு நோய்க்கென்று தனியாகப் பதிவு செய்துகொண்டால்தான் பணமே கிடைக்கும்.

எங்களுக்கு இங்கேதான் அடி விழுந்தது. அனுமதி வாங்கிவிட்டோம் என்று கிளினிக்கில் சொன்னார்கள், வாய் முழுக்கச் சுத்தமும் செய்து முடித்தார்கள். பிறகுதான் அனுமதியே கேட்கப்படவில்லை என்று பில் திரும்பி வந்தது. மாதக்கணக்கில் கடிதம் எழுதி, அளவுக் குறிப்பை நாங்களே அனுப்பிய பிறகு ஒரு பகுதிப் பணம் கிடைத்தது. ஆகவே வாய் வார்த்தையை நம்பி நாற்காலியில் உட்காராதீர்கள். அனுமதி எண்ணையும், அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பில்லில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நோய்க்கான குறியீடு: நாட்பட்ட ஈறு வீக்கம் என்றால் கே05.1, எலும்பு வரை போன நாட்பட்ட நோய் என்றால் கே05.3. இந்தக் குறியீடு இல்லாத பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்றொன்று, செய்த வேலைக்கான நான்கு இலக்க எண்: பரிசோதனைக்கு 8101, ஸ்கேலிங்குக்கு 8159. இந்த எண்களைச் சொல்லி மெடிக்கல் எய்டுக்கு போன் போட்டால், எவ்வளவு தருவோம் என்று அவர்களும் தெளிவாகச் சொல்வார்கள். ரூட் பிளானிங்குக்கு வேறு எண், அதைக் கிளினிக்கின் விலைச்சீட்டிலிருந்து பாருங்கள்.

100 சதவீதம் தருவோம் என்று எழுதியிருந்தால் முழு பில்லையும் தருவார்கள் என்று அர்த்தமில்லை. திட்டம் நிர்ணயித்த கட்டணத்தில் 100 சதவீதம் என்றுதான் அர்த்தம். டாக்டர் அதற்கு மேல் வாங்கினால் மிச்சம் உங்கள் கையிலிருந்து போகும். அந்தத் திட்டத்தோடு ஒப்பந்தம் போட்ட டாக்டரிடம் போனால் இந்தப் பிரச்சினை குறையும்.

நீங்களே பணம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பதாக இருந்தால், வைத்தியம் நடந்த மாதத்துக்கு அடுத்து வரும் நான்காவது மாதத்தின் கடைசி நாளுக்குள் பில் அவர்களிடம் சேர வேண்டும். மார்ச்சில் நடந்தால் ஜூலை 31. நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் திட்டத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். சரியாகாவிட்டால் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ் என்ற அரசு அமைப்பிடம் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை.

6. மெடிக்கல் எய்ட் இல்லாவிட்டால்

தனியார் கிளினிக்கில் பரிசோதனையும் ஸ்கேலிங்கும் சேர்ந்தே ஆயிரம் ரேண்டைத் தாண்டலாம். ரூட் பிளானிங்குக்கு வாயை நான்கு பாகமாகப் பிரித்து, பாகத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அதனால் மொத்தமாகப் பல ஆயிரம் ரேண்டு ஆகும். கேட்கும்போது ஒரு பாகத்துக்கு எவ்வளவு, மரத்துப்போகும் ஊசி சேர்ந்ததா தனியா, எக்ஸ்ரே சேர்ந்ததா என்று பிரித்துக் கேளுங்கள். ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால், ஆழம் அதிகமுள்ள பாகத்தை முதலில் செய்யச் சொல்லலாம். ரொக்கம் கட்டுபவர்களுக்குச் சலுகை உண்டா என்றும் கேட்பதில் தவறில்லை.

அரசு பக்கம் போனால், 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டப்படி அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மெடிக்கல் எய்டில் இல்லாதவர்களுக்கு அடிப்படைச் சிகிச்சை இலவசம். ஆனால் பல நிலையங்களில் பல் பிடுங்குவதுதான் முக்கிய வேலை. ஆடுகிற பல்லோடு போனால் பிடுங்கிவிடலாம் என்பார்கள். காப்பாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும், பல் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

டர்பனில் சிடன்ஹாம் பகுதியில் கிங் டினுசுலு மருத்துவமனை வளாகத்துக்குள் பல் பயிற்சி மருத்துவமனை இருக்கிறது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹைஜீனிஸ்ட், தெரபிஸ்ட் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் அங்கே பயிற்சி எடுக்கிறார்கள். மாணவர் செய்வதால் நேரம் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு படியையும் ஆசிரியர் வந்து பார்ப்பார். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகம், பிரிட்டோரியாவில் பிரிட்டோரியா பல்கலைக்கழகம், கேப் டவுனில் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பல் மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன.

அரசு மருத்துவமனையில் கட்டணம் உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. சம்பளச் சீட்டும் முகவரி ஆதாரமும் இல்லாவிட்டால் முழுக் கட்டணப் பிரிவில் போட்டுவிடுவார்கள். காலையில் சீக்கிரம் போங்கள், முதல் தடவை ஃபைல் திறக்கவே பாதி நாள் ஆகலாம். கையில் சாப்பாடு வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரைக்காரர்கள் முக்கியமாக.

7. வைத்தியம் நடக்கும்போது

ஊசி போட்டு மரத்துப்போன பிறகு, ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருக்கும் காரையைக் கருவியால் எடுப்பார்கள். வழக்கமாக ஒரு பக்கம் ஒரு நாள், மறுபக்கம் இன்னொரு நாள். நாலைந்து நாளைக்குப் பல் கூசும், ஈறு லேசாக வலிக்கும். குளிர்ந்ததைத் தவிர்த்தால் போதும், பெரும்பாலோர் மறுநாளே வேலைக்குப் போகலாம்.

சுத்தம் செய்தால் பல் ஆடும், இடுக்கு விழும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். வீங்கிய ஈறு வடியும்போது, ஏற்கெனவே எலும்பு போன இடம் வெளியே தெரிகிறது. காரை அடைத்திருந்த இடம் காலியாகிறது. சுத்தம் செய்ததால் உண்டான ஓட்டை அல்ல அது. இந்தப் பயத்திலேயே எத்தனையோ பேர் பல வருடம் தள்ளிப்போட்டுப் பல்லை இழந்திருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஆன்டிபயாடிக் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் ஏன் என்று கேளுங்கள். காரை இருக்கும்வரை மாத்திரையால் நோய் போகாது, கொஞ்ச நாள் அடங்கிவிட்டுத் திரும்ப வரும்.

8. வீட்டில் செய்ய வேண்டியது

காலை, இரவு இரண்டு வேளையும் மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, இரண்டு நிமிடம். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் தேய்க்க வேண்டும். பல்லிடுக்குக்குச் சின்ன பிரஷ் கிடைக்கும். அளவு சரியில்லாவிட்டால் பயனில்லை, ஹைஜீனிஸ்ட்டிடம் எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று கேட்டு வாங்குங்கள்.

மருந்துக்கடையில் குளோர்ஹெக்சிடின் வாய்கழுவி கிடைக்கும். டாக்டர் சொன்ன இரண்டு வாரத்துக்கு மேல் தொடராதீர்கள், பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், நாக்கில் ருசி மாறும். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கல்லுப்பும் மஞ்சளும் தேய்க்கச் சொன்னார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது இதமாக இருக்கும், செய்யலாம். கல்லுப்பு, கரித்தூள், சாம்பல் எதையும் வைத்துத் தேய்க்க வேண்டாம், வெளியே தெரியும் வேர் தேய்ந்துவிடும். வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட் மூன்றையும் விட வேண்டும். சிகரெட் பிடிப்பவருக்கு அதே வைத்தியம் பாதிதான் பலிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு ஆறாது. ஈறில் புண் இருக்கும்வரை சர்க்கரையும் இறங்க மறுக்கும். இரண்டு டாக்டரிடமும் இரண்டையும் சொல்லுங்கள். என் கணவரின் சர்க்கரை டாக்டர் ஒருநாளும் வாயைப் பற்றிக் கேட்டதில்லை, நாங்கள்தான் எடுத்துச் சொன்னோம்.

9. மறுபரிசோதனைத் தேதிகள்

ஆழமான சுத்தம் முடிந்து ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் திரும்பவும் கம்பி வைத்து அளக்க வேண்டும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறு நான்காகியிருந்தால் நல்ல பலன். குறையாத இடத்தில் மறுபடி சுத்தமோ, நிபுணரிடம் சின்ன அறுவை சிகிச்சையோ தேவைப்படும். அதற்கும் தனி முன் அனுமதி வேண்டும், சில திட்டங்கள் ஈறு அறுவைக்குப் பணமே தருவதில்லை.

அதற்குப் பிறகு பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பராமரிப்புச் சுத்தம் வேண்டியிருக்கும். பல திட்டங்கள் வருடத்துக்கு இரண்டு ஸ்கேலிங்குக்குத்தான் பணம் தரும், மற்ற இரண்டுக்குக் கைக்காசை ஒதுக்கி வையுங்கள். ஊருக்கு விடுமுறையில் போகும்போது சென்னையிலோ மதுரையிலோ மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் மறுஅளவு எடுக்கும் நேரத்தில் நீங்கள் இங்கே இருப்பீர்கள். அங்கே செய்தால் அளவுக் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் வாங்கி வந்து, இங்கே ஒரு ஹைஜீனிஸ்ட்டிடம் ஒப்படையுங்கள்.

மெடிக்கல் எய்ட் பலன்கள் ஜனவரி 1 அன்று புதிதாகத் தொடங்கும். வருடக் கடைசியில் வரம்பு தீர்ந்துவிட்டால், அவசரமில்லாத பாகங்களை ஜனவரிக்குத் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து பல கிளினிக்குகள் மூடியிருக்கும், ஜனவரித் தேதியை நவம்பரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.